கயிறும் இழைப்புளியும்: சியேனா அரண்மனையின் ஒன்பதின்மர் அறை

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள சியேனா நகரில், காம்போ என்னும் சிப்பி வடிவச் சதுக்கத்தை நோக்கி நிற்கிறது பலாட்ஸோ புப்ளிகோ எனப்படும் பொது அரண்மனை. எந்த அரசனும் தனக்கென்று கட்டிக்கொண்ட அரண்மனையன்று அது. 1297-இல் பணி தொடங்கிய அக்கட்டடம், கம்யூன் என்னும் நகரக் குடியரசு தனக்காக எழுப்பிக்கொண்ட இருக்கை. அதன் முதல் மாடியில், பேரவை கூடிய பெரிய மண்டபத்தை அடுத்து ஓர் அறை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். அகலம் 8 மீட்டருக்கும் குறைவு. தென்சுவரில் ஒரே ஒரு சாளரம். ஏனைய மூன்று சுவர்களிலும் அம்ப்ரோஜோ லோரென்செத்தி என்னும் சியேனா ஓவியர் 1338 தொடங்கி 1339 வரை தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன.

இன்று இவ்வோவியங்களை உலகம் 'நல்லாட்சியும் தீயாட்சியும்' என்ற பெயரால் அறிகிறது. அப்பெயர் பிற்காலத்தது; 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெறத் தொடங்கியது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் சியேனா மக்கள் அவற்றை 'அமைதியும் போரும்' என்றே சொல்லிவந்தனர். அறைக்கும் 'அமைதி மண்டபம்' என்ற பெயர் வழங்குகிறது. பெயர் மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இவ்வறை எதைப் பற்றிப் பேசுகிறது என்ற வழக்கின் பாதி அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தமிழில் இத்தலைப்பைச் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று பெயர்க்கும் ஆசை எவருக்கும் எழும். திருக்குறளில் அவ்விரு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதுபோல இங்கே சுவர்களும் எதிரெதிரே நிற்கின்றன. எனினும் அச்சொற்கள் இரண்டும் ஒரு கோலையும் அதை ஏந்தும் ஒரு கையையும் முன்னிறுத்துகின்றன. சியேனாவில் அந்தக் கை எவருடையது என்பதே கேள்வியாக இருந்தது.

1287 முதல் 1355 வரை அந்நகரை ஆண்டது ஒன்பதின்மர் குழு. இத்தாலிய மொழியில் நோவே. ஒரு குழுவின் பதவிக்காலம் இரண்டே மாதங்கள். அந்த இரண்டு மாதங்களும் அவர்கள் அரண்மனையிலேயே தங்கி, அரசின் செலவில் உண்டு, பொதுப்பணியின் பொருட்டன்றி வெளியே செல்லாது வாழ வேண்டும். பதவி முடிந்தவர் மீண்டும் அப்பதவிக்கு வர இருபது மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஒருவர் கையில் அதிகாரம் தேங்கிவிடக் கூடாது என்ற அச்சம் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. மிலானில் விஸ்கோந்திகள், வெரோனாவில் ஸ்காலிஜேரிகள், ஃபெராராவில் எஸ்தேக்கள் என வட இத்தாலியின் குடியரசுகள் ஒவ்வொன்றாகத் தனிக்குடும்பத் தலைவர்களின் கைக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஓவியம் முடிந்து மூன்றாண்டுகளில், 1342-இல், அண்டை நகரான ஃபிளாரன்ஸ் கூட ஏதென்ஸ் கோமகன் என்ற பட்டம் கொண்ட பிரெஞ்சுப் பிரபுவிடம் தன்னைத் தானே ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு அவனை விரட்டவும் செய்தது.

ஒன்பதின்மர் ஆட்சியை மக்களாட்சி என்று அழைப்பது பொருந்தாது. பழம் பெருங்குடிப் பிரபுக்களைப் பெயர்ப் பட்டியலிட்டு உயர்பதவியிலிருந்து விலக்கிய சட்டம் 1277-லேயே வந்துவிட்டது. நீதிபதிகளும் நோட்டரிகளும் ஒன்பதின்மராக முடியாது. கீழே இருந்த சிறுதொழிலாளருக்கும் இடமில்லை. நடுவிலிருந்த வணிகரும் வட்டிக்கடையினரும் தம்முள்ளேயே பதவியைச் சுழற்றிக்கொண்டனர். அதே வேளையில், 1309–10-இல் நகரத்தின் சட்டத்தொகுப்பை இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்குப் பெயர்த்து, இலத்தீன் அறியாத ஏழைகளும் வந்து படிக்கும்படி பெரிய எழுத்துகளில் எழுதி வைக்கச் செய்ததும் இவர்களே. இந்த இரட்டை முகத்தை மனத்தில் இருத்தாமல் அவ்வறையைப் பார்ப்பது வீண்.

அடுத்த மண்டபத்தில் 1315-இல் சிமோனே மார்த்தினி தீட்டிய கன்னி மரியாள் ஓவியம் ஏற்கெனவே இருந்தது. அங்கே அறம் சொல்பவள் விண்ணக அரசி. லோரென்செத்தியின் அறையில் புனிதர் எவரும் முன்னிற்கவில்லை. அரசாங்கம் தன் அலுவலறையில் தன்னைப் பற்றியே, தன் மொழியிலேயே வரையச் சொன்ன ஓவியம் இது. சுவர்களில் எழுதப்பட்ட செய்யுள்கள் இலத்தீனில் அல்லாது சியேனா மக்கள் பேசிய மொழியில் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆள்வோரையே விளித்து, இங்கே தீட்டப்பட்டிருக்கும் நீதியின்பால் கண்ணைத் திருப்புமாறு கேட்கிறது. அதாவது, ஓவியத்தின் முதற் பார்வையாளர் அங்கே அமர்ந்து வரி விதித்த, தண்டனை வழங்கிய, போருக்குப் பணம் ஒதுக்கிய அந்த ஒன்பது பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஒன்பது பேர்.

சாளரத்துக்கு நேர் எதிரே, ஒளி நன்கு விழும் வடசுவரில், கோட்பாட்டு ஓவியம் அமைந்திருக்கிறது. இடப்புறம் நீதித்தேவி அரியணையில் வீற்றிருக்கிறாள். அவள் தலைக்கு மேலே ஞானம் ஒரு துலாக்கோலைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. நீதியின் கண்கள் மேல்நோக்கி ஞானத்தைப் பார்க்கின்றன. தட்டுகள் இரண்டிலும் ஒவ்வொரு வானவர். ஒருவர் ஒருவனுக்கு முடிசூட்டி மற்றொருவனின் தலையை வெட்டுகிறார். இன்னொருவர் கொடுக்கல் வாங்கலின் நேர்மையைக் காக்கிறார். அவ்விரு தட்டுகளிலிருந்தும் இரண்டு கயிறுகள் கீழே இறங்குகின்றன.

கீழே அமர்ந்திருப்பவள் இணக்கம், கொன்கோர்தியா. இரு கயிறுகளையும் அவள் ஒன்றாக்குகிறாள். அவள் மடியில் ஒரு பொருள் கிடக்கிறது. அது தச்சனின் இழைப்புளி. அரியணைக்கும் வானவர்க்கும் நடுவே பட்டறைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்த துணிவு வியப்புக்குரியது. மேடு பள்ளம் உள்ள பலகையை இழைத்துச் சமனாக்குவதுபோல, நகரத்தாரிடையே உள்ள ஏற்றத்தாழ்வின் கரடுகளை இணக்கம் சீவுகிறது என்பது பொருள். இலத்தீனில் இணக்கத்தைக் குறிக்கும் சொல்லிலேயே கயிற்றைக் குறிக்கும் சொல்லின் ஒலி இருப்பதால், கயிறு சொல்விளையாட்டாகவும் அமைந்துவிட்டது.

இணக்கத்தின் கையிலிருந்து அந்தக் கயிறு குடிமக்களிடம் செல்கிறது. இருவர் இருவராக நடந்துவரும் 24 ஆண்கள். இழைப்புளி அவர்கள்மேல் ஓடியது போலவே எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம். எவரும் கட்டப்படவில்லை, கயிற்றைக் கையால் பிடித்திருக்கிறார்கள். சுவரின் வலப்புறத்தில் பேருருவாக வீற்றிருக்கும் நரைத்த தாடி முதியவரிடம் அவர்கள் அதைக் கொண்டு சேர்க்கிறார்கள். அம்முதியவர் உடுத்தியிருப்பது கறுப்பும் வெள்ளையும். சியேனாவின் கொடி நிறங்கள். காலடியில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், அந்நகரின் தோற்றக் கதையின் சின்னம். அவரைச் சூழ்ந்து அறப்பண்புகள் பெண்ணுருவில் அமர்ந்துள்ளன. அவற்றுள் அமைதி மட்டும் நிமிர்ந்து உட்காரவில்லை. மெல்லிய வெண்ணிற ஆடையுடன், கழற்றிக் குவித்த போர்க்கவசத்தின்மேல் இட்ட மெத்தையில் சாய்ந்து, கையில் ஒலிவக் கிளையோடு, தலையைக் கையில் ஊன்றி எங்கோ பார்த்திருக்கிறாள்.

அந்த முதியவர் யார்? ஆய்வுலகின் நெடிய விவாதம் இக்கேள்வியைச் சுற்றியே நடந்தது. 1958-இல் நிக்கோலாய் ரூபின்ஸ்டைன் எழுதிய கட்டுரை அவரைப் பொதுநன்மையின் உருவமாகவும் சியேனா கம்யூனின் உருவமாகவும் கண்டது. அரிஸ்டாட்டிலும் தோமஸ் அக்குவினாஸும் வகுத்த அரசியல் அறமே ஓவியத்தின் அடித்தளம் என்றது. 1986-இல் குவென்டின் ஸ்கின்னர் இதை மறுத்தார். அரிஸ்டாட்டில் வழியே வந்த கல்விமரபைக் காட்டிலும், சிசரோ, செனெக்கா ஆகியோரின் உரோமானிய அறநூல்களும் அவற்றை நகர அதிகாரிகளுக்கான கையேடுகளாக்கிய புரூனெத்தோ லத்தீனி போன்றோரின் எழுத்துகளுமே ஓவியருக்கு அருகில் இருந்தவை என்பது அவர் வாதம். அவருக்கு அந்த முதியவர், நகரம் தனக்கெனத் தேர்ந்துகொள்ள வேண்டிய ஆட்சியாளரின் வடிவம். கயிறு அவர் கைக்கு வந்து சேர்வதன் பொருள், ஆள்பவர் குடிகளின் விருப்பத்தால் பிணிக்கப்பட்டவர் என்பதே.

இரு தரப்பும் நூல்களைத் தேடிய அளவுக்குக் கயிற்றைப் பின்தொடர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஏனெனில் அதே சுவரின் வலது கோடியில், படைவீரர்களுக்குக் கீழே, இன்னொரு கயிறு இருக்கிறது. அங்கே கைதிகள் கட்டுண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு அருகில் கவசமணிந்த பிரபுக்கள் இருவர் மண்டியிட்டுத் தம் கோட்டையை ஒப்படைக்கிறார்கள். இடப்புறத்தில் கையால் பிடித்த கயிறு, வலப்புறத்தில் கையைக் கட்டிய கயிறு. விருப்பத்தோடு பிடிப்பவனுக்கு அது இணக்கம். மறுப்பவனுக்கு அதுவே தளை. அமைதியைக் காட்டும் சுவரின் நடுவிலேயே வன்முறையை மறைக்காமல் வைத்த இந்த நேர்மையை 'நல்லாட்சி' என்ற பிற்காலப் பெயர் மழுப்பிவிடுகிறது.

மேற்குச் சுவர் மிகவும் சிதைந்திருக்கிறது. ஈரம் சுவரைத் தின்று, வண்ணப்பூச்சு பெரும்பரப்பில் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய பகுதியில் கொடுங்கோன்மை வீற்றிருக்கிறது: கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட உருவம், காலடியில் ஓர் ஆடு. தலைக்குமேலே பேராசை, செருக்கு, வீண்பெருமை பறக்கின்றன. இருபுறமும் கொடுமை, துரோகம், வஞ்சகம், வெறி, பிளவு, போர். கீழே நீதித்தேவி கட்டுண்டு தரையில் கிடக்கிறாள். அவளுடைய துலாக்கோல் உடைந்து கிடக்கிறது. எதிர்ச்சுவரின் நகரத்தில் எத்தனையோ தொழில்கள் நடக்க, இங்கே ஆயுதம் செய்யும் கொல்லனின் பட்டறை மட்டுமே இயங்குகிறது.

அந்த வரிசையில் பிளவு என்னும் உருவத்தின் கையிலும் ஒரு தச்சுக்கருவி இருக்கிறது. அது ரம்பம். அவள் ஆடை நெடுக்காக இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி கறுப்பு. ஒன்றில் 'ஆம்', மற்றொன்றில் 'இல்லை' என்ற சொற்கள். அவளது ரம்பம் அவள் உடலையே அறுக்கிறது.

இழைப்புளியும் ரம்பமும் ஒரே பட்டறையின் கருவிகள். ஒன்று சீர்செய்கிறது, ஒன்று துண்டாக்குகிறது. தச்சனுக்கு இரண்டும் வேண்டும். அதைவிடக் கூர்மையானது நிறம். கறுப்பும் வெள்ளையும் கொடுங்கோலர்க்கு உரியவை அல்ல. வடசுவரின் முதியவர் அணிந்திருப்பவை, சியேனாவின் சொந்த நிறங்கள். நகரத்தைப் பிளக்கும் பகை மதிலுக்கு வெளியிலிருந்து மிலானின் அல்லது வெரோனாவின் நிறத்தில் வருவதில்லை, நகரத்தின் ஆடையை உடுத்திக்கொண்டே வருகிறது என்று ஓவியர் சொல்கிறார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பத்ரிக் பூஷெரோன் 2013-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வறை முழுவதையும் அச்சத்தை எதிர்கொள்ளும் முயற்சியாக வாசித்தார். அந்த அச்சத்தின் முகம் உள்நாட்டு முகம் என்பதற்கு இந்த ஆடையைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கிழக்குச் சுவரைப் பற்றி மட்டும் தனி நூல்கள் எழுதப்பட்டுள்ளன. சுவரின் நடுவே நகர மதில். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் நாட்டுப்புறம். இடது மேல்மூலையில் பேராலயத்தின் குவிமாடமும் மணிக்கோபுரமும் சிறிதாக எட்டிப்பார்க்கின்றன. கோயில் இருக்கிறது, ஆனால் மையத்தில் இல்லை. ஒரு வீட்டின் உச்சியில் சாரம் கட்டிக் கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள். காலணிக் கடை, மாணவர்க்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், சுமையோடு வரும் கழுதைகள். மதிலுக்கு வெளியே உழவும் அறுவடையும் போரடிப்பும் ஒரே நிலப்பரப்பில், பருவங்களின் கணக்கைப் பொருட்படுத்தாமல் நடக்கின்றன. கையில் வல்லூறோடு வேட்டைக்குப் போகும் பிரபுக்கள் நகரை விட்டு இறங்க, இடுப்பில் வெள்ளைப் பட்டை கொண்ட கறுப்புப் பன்றியை ஓட்டிக்கொண்டு ஒரு குடியானவன் மேலேறி வருகிறான். அந்தப் பன்றியினம் இன்றும் சியேனா வட்டாரத்தில் வளர்க்கப்படுகிறது. தொலைவில் தலமோனே துறைமுகம். கடலில்லாத சியேனா 1303-இல் பணம் கொடுத்து வாங்கிய துறை அது. வணிகர் ஆட்சியின் கனவு அந்த மூலையில் சிறு எழுத்துகளாக நிற்கிறது.

ஜான் வைட் என்ற கலை வரலாற்றாசிரியர் ஒன்றைக் கவனித்தார். உருவங்கள் பார்ப்பவரிடமிருந்து விலகிச் சிறுப்பதில்லை. நகரச் சதுக்கத்தில் ஆடுவோரை மையமாகக் கொண்டு, அங்கிருந்து விலக விலகச் சிறுக்கின்றன. எனவே அக்காட்சி நகரம் தன் நடுவில் நின்று வெளியே பார்க்கும் பார்வை. அந்த ஆடுவோர் யார் என்பதும் வழக்குதான். நெடுங்காலம் அவர்களைக் கன்னிப்பெண்கள் என்றே எழுதினர். ஜேன் பிரிட்ஜ்மன் 1991-இல் ஆடையையும் சிகையையும் ஆராய்ந்து அவர்கள் இளைஞர்கள் என்று வாதிட்டார். தெருவில் ஆடுவதைச் சியேனாவின் சட்டம் தடுத்திருந்ததையும் எண்ணினால், அது கண்டதைக் கண்டவாறு வரைந்த தெருக்காட்சியாக இருக்க இயலாது. கஞ்சிரா போன்ற பறையைத் தட்டிப் பாடும் ஒருவரை விட்டுவிட்டால், ஆடுவோர் ஒன்பது பேர்.

நகர வாயிலுக்கு மேலே பாதுகாப்பு என்னும் பெண் பறக்கிறாள். ஒரு கையில் அச்சமின்றி அனைவரும் நடக்கலாம் என்ற பொருள்படும் செய்யுட்சுருள்; மறு கையில் தூக்குமரம், அதில் தொங்கும் ஒரு பிணம்.

இனி வடசுவருக்குத் திரும்பி அந்த 24 பேரை எண்ண வேண்டும். எல்லோரும் ஆண்கள். எல்லோரும் வசதியான உடையணிந்த நகரத்தார். 1236 முதல் சில பத்தாண்டுகள் சியேனாவை ஆண்ட இருபத்து நால்வர் குழுவை அவ்வெண் நினைவூட்டுகிறது. சாரத்தின் மேல் நிற்கும் கொத்தர், காலணி தைப்பவர், பன்றி ஓட்டுபவர் எவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை. அவர்கள் நல்லாட்சியின் விளைவாகக் கிழக்குச் சுவரில் இருக்கிறார்களேயொழிய, அதை உண்டாக்குபவர்களாகக் கயிற்றைப் பிடிக்கவில்லை. இணக்கத்தின் மடியிலிருக்கும் இழைப்புளியைச் செய்து பயன்படுத்திய தச்சனுக்கும் இதே நிலைதான். ஓவியர் இதைக் குறையாக எண்ணி வரைந்தார் என்று சொல்ல இடமில்லை. ஆனால் ஒன்பதின்மர் ஆட்சியின் அரசியல் சட்டத்தை அவர் பிழையின்றி வரைந்துவிட்டார்.

கயிற்றைப் பெறாதவர்கள் அமைதியாகவும் இருக்கவில்லை. ஓவியத்துக்கு முன்பே, 1318-இல், நோட்டரிகளும் இறைச்சிக் கடைக்காரர்களும் கொல்லர்களும் ஒன்பதின்மர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தனர். 1346-இல் மீண்டும் ஒரு கலகம். இரண்டும் அடக்கப்பட்டன.

பின்னர் 1348. கொள்ளைநோய் அவ்வாண்டில் சியேனாவைப் பாழாக்கியது. ஓவியம் முடிந்த அதே 1339-இல், பேராலயத்தை இத்தாலியிலேயே மிகப்பெரியதாக விரிவாக்கத் தொடங்கிய பணி நின்றுபோனது. அதன் அரைகுறைச் சுவர்கள் இன்றும் வெட்டவெளியில் நிற்கின்றன. அம்ப்ரோஜோ லோரென்செத்தி அந்த ஆண்டு ஜூனில் தம் உயிலை எழுதினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிய தடயம் இல்லை.

1355 மார்ச்சில் நான்காம் சார்ல்ஸ் முடிசூட்டுக்காக உரோமாபுரி செல்லும் வழியில் சியேனாவுக்கு வந்தான். அவன் நகருக்குள் இருந்தபோதே பழம் பிரபுக் குடும்பங்களும் சிறுதொழிலாளரும் சேர்ந்து எழுந்தனர். வடசுவரில் மண்டியிட்டவர்களும் கிழக்குச் சுவரில் உழைத்தவர்களும் கைகோத்த நாள் அது எனலாம். ஒன்பதின்மரின் பெயர்ச்சீட்டுகள் வைத்திருந்த பேழையைக் கழுதையின் வாலில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் சென்றதாக அக்கால வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. 68 ஆண்டுக்கால ஆட்சி முடிந்தது. அடுத்து வந்த பன்னிருவர் ஆட்சியில் சிறுதொழிலாளர் தரப்பினருக்கும் இடம் கிடைத்தது. அதுவும் 1368-இல் கவிழ்ந்தது.

ஓவியத்தை எவரும் அழிக்கவில்லை. ஒன்பதின்மரைத் துரத்தியவர்கள் ஒன்பதின்மரின் அறைச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டனர். முதியவரின் ஆடை நகரத்தின் ஆடையாகவே இருந்ததால் புதிய ஆட்சியாளருக்கும் அது பொருந்திப்போயிற்று போலும். பேரரசர், பிரபு, பிறநகர் என எந்தப் பகைவனின் பெயரையும் எழுதாமல் விட்ட ஓவியரின் எச்சரிக்கை, ஓவியத்தைக் காப்பாற்றிய காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1420-களில், புனித பெர்னார்தீனோ சியேனா மக்களுக்கு ஆற்றிய மறையுரையில் அவர்களது அரண்மனையிலுள்ள அமைதியையும் போரையும் நினைவூட்டினார். அமைதியின் பக்கம் திரும்பினால் வணிகம் நடக்கிறது, ஆட்டம் நடக்கிறது, வீடுகள் செப்பனிடப்படுகின்றன என்றும், போரின் பக்கம் திரும்பினால் இவை எதுவும் இல்லை என்றும் அவர் விளக்கினார். கட்டுண்ட நீதித்தேவியையும் அவர் மறக்கவில்லை. முதியவரும், அந்த 24 பேரும், கயிறும், இழைப்புளியும் அவ்வுரையில் வரவில்லை. அமைதியின் காட்சிகளை எண்ணிக்கொண்டு வந்தவர், நீதியை நிலைநிறுத்துவதற்காகத் தூக்கில் தொங்கும் மனிதனையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார்.